செல்வாக்குள்ள உலோகப் பட்டை

தூத்துக்குடியில் 'துரு' என்றொரு இசைக்குழு இருப்பது தூத்துக்குடிக்குத் தெரியாது. பின்லாந்துக்குத் தெரியும். போலந்துக்காரன் ஒருவன் அந்த இரண்டு எழுத்தையும் முதுகில் பச்சை குத்தியிருக்கிறான். குத்தியவன் தலைகீழாகக் குத்திவிட்டான் என்பதை எடுத்துச் சொல்ல அந்த ஊரில் ஆள் இல்லை.

அவர்கள் வாசிப்பதற்கு இண்டஸ்ட்ரியல் மெட்டல் என்று பெயர். கேட்காதவர்களுக்குச் சொல்வதென்றால், கண்டெய்னர் இறக்குகிற சத்தத்துக்கு நடுவே யாரோ கோபமாக கிடார் வாசிப்பது போல இருக்கும். இரண்டு நாள் கேட்டால் பிறகு மற்றதெல்லாம் சப்பென்று ஆகிவிடும். டிரம்ஸ் வாசிக்கிற செந்தூர்வேலுக்குப் பாளை ரோட்டில் ஹார்டுவேர் கடை. கடைக்குப் பின்னால் இருக்கிற கிட்டங்கிதான் ஒத்திகை இடம். அங்கே அவன் டீசல் பீப்பாய்களையும் நங்கூரச் சங்கிலியையும் அடிக்கும்போது அக்கம்பக்கத்தார் வெல்டிங் வேலை நடக்கிறது என்று நினைத்தார்கள். ஒருவர் உடைந்த கேட்டைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார்.

கிடார் வாசிப்பவள் இசக்கிசெல்வி. பகலில் கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் சரக்குக் காகிதம் தட்டுகிறவள். பாடுகிறவன் கீழவைப்பார் மரியான். கப்பல் மேல்தளத்தில் கண்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்குகிற வேலை அவனுக்கு. அங்கே நின்றுகொண்டு கீழே நிற்கிற ஆளைக் கூப்பிட்டுப் பழகிய குரல். மைக்கை ஒரு மரியாதைக்காகத்தான் அவன் முன்னால் வைத்தார்கள்.

இருபது வருடத்தில் ஐந்து ஆல்பம். 'கரித்தூள்', 'பளு', 'நங்கூரம்', 'உப்புக்காத்து', 'ராத்திரி ஷிப்ட்'. எல்லாமே மூடிப்போன ஒரு ஸ்டூடியோவின் ஏலத்தில் எடுத்த பழைய ரீல் டேப் மெஷினில் பதிந்தவை. நட்டு போல்ட்டு வாங்க வந்த ஒரு மாலுமி கடையில் ஓடிய கேசட்டைக் கேட்டு விலைக்கு வாங்கிக்கொண்டு போனான். அவன் போன துறைமுகமெல்லாம் அது பரவியது. அந்தக் கேசட்டைக் கேட்டுவிட்டு ஐரோப்பாவில் ஏழெட்டு குழுக்கள் டீசல் பீப்பாய் வாங்கின என்று அங்கே பத்திரிகைகளில் எழுதினார்கள்.

ஆறாவது ஆல்பத்தைப் பாடி முடித்த கையோடு மரியானுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. மதுரையில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது அவன் கழுத்தில் ஒரு சின்ன மெஷினை அழுத்திப் பேசுகிறான். ஒரே சுருதியில், ஏற்ற இறக்கம் இல்லாமல், ரயில்வே அறிவிப்பு மாதிரி வருகிறது.

ஆறாவது ஆல்பத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை. பாடியவனே கேட்டதில்லை. அவர்கள் வாங்கியிருந்த டேப் பழைய சரக்கு. கடல் காற்றில் அதன் பூச்சு பிசுபிசுவென்று ஆகிவிட்டது. ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்ததில் பழுப்புத் தூளாக உதிர்ந்தது. பதறிப்போய் நிறுத்திவிட்டார்கள். இவர்களுடைய பாட்டை அங்கே வெளியிடுகிற பின்லாந்துக் கம்பெனிக்காரர்கள் எழுதினார்கள்: "தொடாதீர்கள். அப்படியே அனுப்புங்கள். இங்கே சூடு காட்டிக் காயவைத்து ஒரே ஒரு தடவை ஓட்டிப் படியெடுக்கலாம். இங்கே உங்களைப் பற்றி வைக்கிற கண்காட்சிக்கு உங்கள் பீப்பாயும் சங்கிலியும் வேண்டும்."

டேப்பை மட்டும் விமானத்தில் அனுப்பலாம் என்றாள் இசக்கிசெல்வி.

"வேண்டாம்ளா" என்றான் மரியான் மெஷினை அழுத்தி. "ஏர்போர்ட்ல எதையாவது வச்சுச் சோதிச்சு அழிச்சிருவானுவ. கப்பல்னா நம்ம ஊரு. நம்ம ஆளுவ. ஒரு பயமும் இல்ல."

ஆகவே எட்டு டேப், மூன்று பீப்பாய், ஒரு நங்கூரச் சங்கிலி எல்லாம் ஒரே மரப்பெட்டியில் கப்பலுக்குப் புறப்பட்டன. புறப்பட்டு, தென்கரை உலோகப் பொருள் அடையாள வாரியத்தின் வாசலில் நின்றுவிட்டன.

இந்த வாரியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னொரு காலத்தில் யாரோ பித்தளைக் குத்துவிளக்கை இரும்பு என்று எழுதிக் கப்பலில் ஏற்றிவிட்டான். இனி அப்படி நடக்கக் கூடாது என்று வாரியம் அமைத்தார்கள். அதற்குப் பிறகு அந்த வழியாக ஒரு குத்துவிளக்கும் போகவில்லை. வாரியமும் போகவில்லை. தலைவருக்கு ஒரு கார், உறுப்பினர்களுக்கு ஒரு கார், அந்த இரண்டு காரும் நிற்பதற்கு ஒரு கட்டடம் என்று வளர்ந்துவிட்டது.

இசக்கிசெல்வி காகிதத்தில் சரக்கின் விவரமாக இங்கிலீஷில் 'இண்டஸ்ட்ரியல் மெட்டல் பேண்ட், ஒரிஜினல் ரெகார்ட்ஸ்' என்று தட்டியிருந்தாள். பின்லாந்துக்காரர்கள் எழுதிய கடிதத்தையும் கூடவே வைத்திருந்தாள். அதில் இவர்கள் ஆசியாவிலேயே மிகவும் 'இன்ஃப்ளூயன்ஷியல்' என்று இருந்தது. வாரியத்தின் மொழிபெயர்ப்பு அலுவலர் ஜெயகணேஷ் எதையும் தமிழாக்காமல் விடுகிறவர் அல்ல. அவர் கையிலிருந்து கோப்பு வெளியே வந்தபோது அதன் தலைப்பு இப்படி இருந்தது: 'செல்வாக்கு மிகுந்த தொழிலக உலோகப் பட்டை, அசல் பதிவேடுகளுடன்.'

துறைமுகத்தில் பட்டை என்றால் மூட்டை முடிச்சைச் சுற்றி இறுக்குகிற தகட்டுப் பட்டை. பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

"பட்டை எத்தன இன்ச் அகலம்?" என்று கேட்டார் ஜெயகணேஷ்.

"சார், அது பட்டை இல்ல. பேண்டு. நாங்க மூணு பேரு" என்றான் செந்தூர்வேல்.

"மூணு ரோல்னு போட்டுக்கிடுதேன். எவ்வளவு பாரம் இழுத்தா அறும்?"

"யாரு, நாங்களா?"

"பட்டைதான் வே."

செந்தூர்வேல் ஹார்டுவேர் கடைக்காரன். பட்டை என்று கேட்டால் அவன் வாயில் அளவு தானாக வந்துவிடும். கட்டுப்படுத்திக்கொண்டு, "சார், இது பாட்டு. மெட்டல்னு ஒரு வகைப் பாட்டு" என்றான்.

"பாட்டுன்னா பாட்டுன்னு எழுதியிருக்கணும். உலோகம்னு நீங்களே எழுதிட்டு, உலோகம் இல்லன்னு நீங்களே சொன்னா நாங்க எத நம்ப? சரி, அசல் பதிவேடு எங்க? எந்தெந்தத் தேதியில எவ்வளவு பட்டை வந்துச்சு, எவ்வளவு போச்சுன்னு வரவு செலவு எழுதியிருப்பீங்கள்ல?"

"ரெகார்டுன்னா டேப்பு சார். பாட்டு பதிஞ்ச டேப்பு."

"பதிவேடு இல்லாத பட்டை" என்று சொல்லிக்கொண்டே ஜெயகணேஷ் எழுதினார். எழுதிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "செல்வாக்குன்னு இருக்கே. யாரு செல்வாக்கு? மேலயா, டெல்லியிலயா? என்ட்ட சொன்னா வெளிய போவாது."

கோப்பு தலைவரிடம் போனது. தலைவர் வீரபாகு ஒரு கல்லூரியில் முதல்வராக இருந்து, கல்லூரி நிம்மதியடைந்த நாளில் ஓய்வு பெற்றவர். நீள மேஜைக்குப் பின்னால் உறுப்பினர்கள் புடைசூழ விசாரணை நடத்தினார். மூன்று கலைஞர்களும் எதிரே நின்றார்கள். நாற்காலிகள் இருந்தன. மனுதாரர் உட்காரலாம் என்று விதியில் இல்லை.

"ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்" என்று தலைவர் ஆரம்பித்தார். அவர் வீட்டிலும் மேடைத் தமிழ்தான் பேசுவாராம். "இந்த வாரியம் எந்தச் செல்வாக்குக்கும் பணியாது. செல்வாக்கு என்றால் என்னவென்று எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நான் இந்த நாற்காலிக்கு எப்படி வந்தேன் என்பது எனக்குத் தெரியும்."

உறுப்பினர்கள் பக்தியோடு தலையாட்டினார்கள். அவர்களுக்கும் அதே வழி தெரியும்.

கைப்பேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்த ஓர் உறுப்பினர், "இதுல ஹெவி மெட்டல்னு வருதே. அதுவும் உண்டா?" என்றார்.

செந்தூர்வேல் மனம் குளிர்ந்தான். இங்கே விஷயம் தெரிந்த ஆள் ஒருவராவது இருக்கிறார் என்று நினைத்தான். "உண்டு சார். எங்களுக்கு அடிப்படையே ஹெவி மெட்டல்தான். மூணாவது ஆல்பத்துல கொஞ்சம் டெத் மெட்டலும் வரும்" என்று உற்சாகமாகச் சொன்னான்.

உறுப்பினர்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்கள்.

"கன உலோகம்" என்றார் உறுப்பினர் மற்றவர்களைப் பார்த்து. "ஈயம், பாதரசம். கூடவே சாவு உலோகம். அவரே ஒத்துக்கிடுதாரு."

அன்று சாயந்திரமே மரப்பெட்டியைத் தூக்கி நச்சுப்பொருள் கொட்டடியில் வைத்தார்கள். சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டி மண்டையோட்டுப் படம் போட்ட பலகையை மாட்டினார்கள். இசக்கிசெல்வி அதைப் படம் எடுத்து பின்லாந்துக்கு அனுப்பினாள். இந்த விளம்பரம் பிரமாதம், அட்டைப்படத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று அங்கிருந்து பதில் வந்தது.

அடுத்த விசாரணையில் அவள் பொறுமையிழந்து, வாசித்தே காட்டிவிடுகிறோம் என்றாள். வாரியத்தின் கூட்ட அறையில் கடையிலிருந்து வேறொரு பீப்பாயைக் கொண்டுவந்து செந்தூர்வேல் அடித்தான். அவள் கிடாரை முடுக்கினாள். ஒரு பாட்டு முழுதாக வாசித்தார்கள். முடிந்தபோது ஜன்னல் கண்ணாடியில் விரிசல் விட்டிருந்தது. பாட்டு நடுவிலேயே காவலாளி தீயணைப்பு வாளியோடு ஓடி வந்திருந்தான். அவன் மட்டும் காலால் தாளம் போட்டான்.

தலைவர் விரிசலைத் தடவிப் பார்த்தார். "இது ஓசை என்று வாரியம் கருதுகிறது" என்றார். "ஓசை எங்கள் வரம்புக்குள் வராது."

"அப்ப விட்டுருங்க சார்" என்றாள் இசக்கிசெல்வி.

"வரம்புக்குள் வராத பொருளை விடுவிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லையே அம்மா. அது உலோகமாக இருந்தால் விடலாம். உலோகம் இல்லை என்று நிரூபணம் ஆனாலும் விடலாம். இரண்டும் இல்லாமல் ஓசையாக இருந்தால் அது இங்கேயேதான் இருக்க வேண்டும்."

அப்போது மரியான் முன்னால் வந்தான். மெஷினைக் கழுத்தில் வைத்தான். "ஐயா, அதுல எங் கொரலு இருக்கு. எனக்கு வேற கொரலு கெடையாது. கேக்கணும்னு ஆசையா இருக்கு. அவ்வளவுதான்."

கைப்பேசி உறுப்பினர், "இந்தக் குரல் உலோகத்தன்மையா இருக்கே. இதயும் காகிதத்துல காட்டியிருக்கா?" என்று கேட்டார். செந்தூர்வேலுக்கு அந்த ஆளின் தலையில் பீப்பாயைக் கவிழ்த்து ஒரு தனி ஆவர்த்தனம் வாசிக்க வேண்டும் போல இருந்தது. மரியான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"டேப்பில் உலோகம் உண்டா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்றார் தலைவர்.

உண்மை பேசுகிறவனுக்கு இந்த மாதிரி இடத்தில்தான் சனி பிடிக்கும். "பிளாஸ்டிக்தான் சார். மேல பழுப்பா ஒரு பூச்சு இருக்கும். அது இரும்புத் துருப்பொடி. அதுலதான் பாட்டு பதியும்" என்றான் செந்தூர்வேல்.

தலைவரின் முகம் மலர்ந்தது. கல்லூரியை விட்டு வந்த பிறகு அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"துரு இருக்கிறது என்றால் இரும்பு இருந்திருக்க வேண்டும். அந்த இரும்பு எங்கே போயிற்று? இதைக் கண்டுபிடிக்காமல் இந்தப் பெட்டியை அனுப்பினால் வருங்காலத் தலைமுறை எங்களைக் காறித் துப்பும்." செயலர் அந்த வாக்கியத்தை அப்படியே குறித்துக்கொண்டார்.

பரிசோதனைக்கு நாள் குறித்தார்கள். இதுவரை வாரியத்துக்கு வந்த பொருளெல்லாம் உலோகமாகவே இருந்திருக்கிறது. முதன்முதலாக ஒன்று உலோகம் இல்லை என்று ஆகிவிட்டால் அது சரித்திரம் அல்லவா? அதனால் முடிவு தெரிவதற்கு முன்பே விழாவுக்கு அழைப்பிதழ் அடித்துவிட்டார்கள். காலையில் பரிசோதனை, உடனே விழா, சாயந்திரம் கப்பல்.

அன்று காலை இசக்கிசெல்வி கப்பல் கம்பெனி ஆபீசில் பெட்டிக்கு இடம் பிடித்துக்கொண்டு நின்றாள். மரியானை நிலக்கரித் தூசி பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் விழா அரங்கில் முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். சலவை வேட்டி, புதுச்சட்டை. செந்தூர்வேல் மட்டும் பரிசோதனை நடக்கிற நிலக்கரி யார்டுக்குப் போனான்.

யாரோ ஓர் ஆசாமி டேப்பைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பார், ஒரு கையெழுத்துப் போடுவார் என்றுதான் அவன் நினைத்துப் போனான். அங்கே கிரேன் நின்றது. கிரேனின் முனையில் பழைய லாரி இன்ஜினைத் தூக்குகிற மின்காந்தம், ஒரு கிணற்று மூடி அகலத்துக்குத் தொங்கியது.

அதன் கீழே அவர்களுடைய மரப்பெட்டி.

"அண்ணாச்சி! காந்தம் வேண்டாம்!" என்று கத்திக்கொண்டு ஓடினான். "காந்தம் பட்டா டேப்பு அழிஞ்சிரும். பாட்டே காந்தத்தாலதான் பதிஞ்சிருக்கு. ஒரு சொல்லு மிஞ்சாது!"

பரிசோதனைப் பொறியாளர் பேச்சிராஜா மஞ்சள் தொப்பிக்குக் கீழே நிதானமாகப் புன்னகைத்தார். "அழியும்னா உள்ள ஏதோ இருக்குன்னுதான அர்த்தம்? அதத்தான நாங்க தேடுதோம்."

"கண்ணால பாருங்க. கையால தொட்டுப் பாருங்க. பீப்பாயயும் சங்கிலியயும் நீங்களே வச்சுக்கிடுங்க. டேப்ப மட்டும் விட்டுருங்க அண்ணாச்சி!"

"கண்ணால பாக்கதுக்கு வாரியம் எதுக்கு வே? ஆட்சேபணை இருந்தா எழுத்து மூலமா தலைவருக்குக் குடுங்க. பரிசோதனை முடிஞ்ச பிறகு பரிசீலிப்பாங்க."

செந்தூர்வேல் பெட்டிமேல் படுத்துக்கொண்டான். இரண்டு காவலர் அவனைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். முரட்டுத்தனமாக இல்லை, ரொம்ப மரியாதையாகத்தான். ஒருவர் சட்டையில் ஒட்டிய தூசியைக்கூடத் தட்டிவிட்டார்.

பேச்சிராஜா விதியை வாசித்தார். பொருள் காந்தத்தோடு மேலே எழும்பினால் உலோகம், எழும்பாவிட்டால் உலோகம் இல்லை. அடுத்து பாதுகாப்பு விதி. மேலே எழும்பும் பொருள் யார் தலையிலாவது விழக்கூடும் என்பதால், பரிசோதிக்கப்படும் பொருளைத் தரையோடு சேர்த்துப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டிவிட வேண்டும். பெட்டியை அப்படித்தான் கட்டியிருந்தார்கள். நாலு பக்கமும் பட்டை.

காந்தம் இறங்கியது. பெட்டியின் மூடியைத் தொட்டுக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்தது. உள்ளே சங்கிலி கடகடவென்று புரண்டது. பீப்பாய்கள் மூடியில் மோதி முட்டின. பட்டைகள் விண்ணென்று விறைத்தன. பெட்டி எழும்பவில்லை. சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று மும்முறை ஓட்டினார்கள். டேப் மட்டும் எந்தச் சத்தமும் போடவில்லை.

"எழும்பலை" என்றார் பேச்சிராஜா. "டேப்புல உலோகம் இல்ல. சங்கிலியிலயும் இல்ல. பீப்பாய்லயும் இல்ல. எல்லாத்துக்கும் நல்லபடியா எழுதிட்டேன், சந்தோஷமா?"

செந்தூர்வேல் அரங்குக்கு நடந்தே வந்தான். வழியெல்லாம் மரியானிடம் என்ன சொல்வது என்று யோசித்தான். எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் இரண்டாவது வார்த்தையில் நின்றுவிட்டது. உள்ளே நுழைந்தபோது முடிவை அறிவித்து, பன்னீர் தெளித்து, நாதஸ்வரம் வாசித்து முடித்திருந்தார்கள். முன்வரிசையிலிருந்து மரியான் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினான். பக்கத்து நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தான்.

"பாஸாயிட்டு பாத்தியா" என்றது மெஷின். "நீ சும்மா பயந்த."

செந்தூர்வேல் உட்கார்ந்தான்.

தலைவர் பேசினார். வாரியம் தோன்றிய வரலாற்றில் தொடங்கி, தாம் தோன்றிய வரலாற்றுக்கு வந்து, நெடுநேரம் அங்கேயே தங்கினார். பிறகு சொன்னார்: "இவர்கள் தங்களை மெட்டல் என்று சொல்லிக்கொண்டார்கள். இருபது ஆண்டுகளாக உலகமே அதை நம்பி ஏமாந்தது. இவர்களிடம் துளிகூட உலோகம் இல்லை என்பதை இன்று இந்த வாரியம் நவீன விஞ்ஞான முறையில் நிரூபித்துவிட்டது. எங்கள் கைக்கு வந்த பொருள் எதுவும் ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பிப் போகும். போகும்போது, வந்ததைவிடச் சுத்தமாகப் போகும்."

'உலோகமின்மைச் சான்று' என்று பொன்னெழுத்தில் அச்சடித்த சட்டத்தை மரியான் கையில் கொடுத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். ஏற்புரை சொல்லச் சொன்னார்கள். மரியான் சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கையால் மைக்கைப் பிடித்தான், மறுகையால் மெஷினைக் கழுத்தில் அழுத்தினான்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இப்ப கொரலு இல்ல. இருந்த கொரலு அந்தப் பெட்டிக்குள்ள கெடக்கு. என்ன பாடுனேன்னு எனக்கே மறந்து போச்சு. இனி பின்லாந்துல போட்டு எனக்கு அனுப்பி வைப்பாங்க. ஒக்காந்து கேப்பேன். ஐயாமாரெல்லாம் பத்திரமாப் பாத்து அனுப்பி வச்சிட்டிய. பெரிய ஒவகாரம். மாதா ஒங்களக் காப்பாத்துவா."

தலைவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போட்டோக்காரர் சரியாக எடுக்கவில்லை என்றதும் இன்னொரு முறை துடைத்துக் காட்டினார். உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஜெயகணேஷ் தட்டினார். பேச்சிராஜா மஞ்சள் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டினார். அரங்கமே தட்டியது.

மரியான் இறங்கி வந்து இருக்கையில் உட்கார்ந்தான். முகம் பூராவும் சிரிப்பு. அவனும் தட்ட ஆரம்பித்தான். பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தவனை முழங்கையால் இடித்தான்.

"ஏலே, தட்டுலே. எல்லாரும் தட்டுதாங்கள்ல."

செந்தூர்வேல் தட்டினான். இருபது வருடமாக மரியானின் பாட்டுக்குப் பின்னால் ஒரு அடி பிசகாமல் வாசித்த கை அது. இப்போது தாளம் தப்பியது. மறுபடி பிடிக்கப் பார்த்தான், மறுபடியும் தப்பியது.

மரியான் கைதட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தான்.